சேறு படாத சக்கரங்கள்

கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு என்னைப் பற்றி யாராவது ஏற்கெனவே கதை கட்டிச் சொல்லியிருப்பார்கள். போட்டிக் கம்பெனியின் இரும்புப் பெட்டிச் சாவியை நான் இடுப்பில் முடிந்து வைத்திருந்தேன் என்று ஒரு கதை. எதிர்ப் பேட்டையின் கணக்குப்பிள்ளைக்கு மாதாமாதம் கையில் அழுத்தி வந்தேன் என்று இன்னொரு கதை. இரண்டும் சுத்தப் பொய். நான் யாருடைய பூட்டையும் தொட்டதில்லை, யாருக்கும் லஞ்சம் கொடுத்ததில்லை. அப்படியிருந்தும் மதுரைச் சீமையில் எந்தப் பஞ்சுப்பேட்டையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. சில சமயம் அந்தப் பேட்டையின் முதலாளிக்கே நான் தெரிந்துகொண்ட பிறகுதான் தெரிந்தது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான், அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் சொல்வது யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். வில்லாபுரம் பக்கம் அப்போது வீடுகளைவிட வயல்தான் அதிகம். அங்கேதான் எங்கள் முதலாளியின் ஜின்னிங் ஆலை இருந்தது. காட்டிலிருந்து வரும் பருத்தியை வாங்கிக் கொட்டையை நீக்கி, பஞ்சை பேல் கட்டி மில்களுக்கு அனுப்புவது தொழில். ஜனங்கள் அதைப் பஞ்சுப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். பருத்தி வந்தால் பாய்லரில் தீ எரியும், மிஷின் ஓடும், சுற்று வட்டாரத்துப் பெண்கள் வேலைக்கு வருவார்கள். பருத்தி வராவிட்டால் எல்லாம் நின்றுபோகும். திருமங்கலம் சந்தைக்குப் போய் அந்தப் பருத்தியை வாங்கி வருவது என் வேலை.

ஊருக்கு மேற்கே இன்னொரு பேட்டை இருந்தது. எங்களைவிடப் பெரியது. அதன் முதலாளியை நான் சந்தையில் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். அவருக்காக வாங்க வருபவர் ஒருவர் இருந்தார். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் பட்டு ஜிப்பா, மேலெல்லாம் ஜவ்வாது வாசனை, வாய் நிறைய வெற்றிலை. சந்தையே அவரைச் சில்க் ஜிப்பா என்றுதான் சொல்லும். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடு நல்லபடியாக வியாபாரம் செய்கிறார்கள். இந்தத் தொழிலில் என் குரு யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்ததில்லை. ஏமாற்றி ஏமாற்றியே என்னை ஆளாக்கினார்.

போட்டிக்காரனைப் பற்றித் தெரிந்துகொள்வதென்றால் அவன் வீட்டுச் சுவரில் காதை வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவன் வெட்டவெளியில் செய்யும் காரியங்களே ஏகப்பட்டவை இருக்கும். திருப்பரங்குன்றம் மலையில் பாதி தூரம் ஏறி நின்றால் ஊரைச் சுற்றியுள்ள ஆலைப் புகைபோக்கிகள் அத்தனையும் தெரியும். யாருடைய பாய்லரில் தீ எரிகிறது, யாருடையது அணைந்து கிடக்கிறது, புகை லேசாக வருகிறதா, கருகருவென்று வருகிறதா எல்லாம் அங்கிருந்தே பார்த்துவிடலாம். வாரம் தவறாமல் காலையில் ஏறிவிடுவேன். மருமகனுக்கு முருகன்மேல் இம்புட்டுப் பக்தியா என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். நானும் மறுக்கவில்லை. இறங்கும்போது கோயிலுக்குள் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருவேன், அதனால் அது முழுப் பொய்யும் இல்லை.

ஆனால் சந்தையில் விலை மட்டும் வெட்டவெளியில் கிடைக்காது. அது துண்டுக்கு அடியில் நடக்கும். மாடு விற்கும் சந்தையில், மாட்டுத் தாவணியில், நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவரும் தரகரும் கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டு பிடித்தால் ஒரு கணக்கு, கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தினால் அரை. கடைசியில் முழுக்கையையும் இறுகப் பிடித்தால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் கையை உருவிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுவிட வேண்டும். வாய் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை போனது என்று தெரியவே தெரியாது.

புதிதில் நான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். விரல் துண்டுக்குள் மறைந்தாலும் முழங்கை வெளியேதானே இருக்கிறது? விரலை மடக்கும்போது முன்னங்கை நரம்பு அசையும். சில்க் ஜிப்பாவின் முன்னங்கையைச் சில வாரம் உற்றுப் பார்த்துப் பார்த்து, எந்த அசைவுக்கு எத்தனை விரல் என்று படித்துவிட்டேன். நான் சொன்ன விலை சரியாக இருக்கவே முதலாளி என்னை மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு சந்தையில் ஜிப்பாக்காரரின் கை துண்டுக்குள் ஒரே துள்ளாகத் துள்ளியது. விலை ஏறிவிட்டது என்று நான் ஓடி ஓடி வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, அன்று அவர் ஒரு பொதிகூட வாங்கவில்லை. ஜிப்பாக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டு, எனக்காகவே நரம்பை ஆட்டிக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் காபி கிளப்பில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “கை வலிக்குதுப்பா” என்று சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் காபி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எதிராளி பார்க்கட்டும் என்று காட்டுவதையும், அவனுக்கே தெரியாமல் வெளியே தெரிவதையும் அன்றிலிருந்து வேறு வேறாகப் பிரித்து வைக்கப் பழகினேன். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நெருக்கடி வந்து கழுத்தைப் பிடிக்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அப்படி ஒரு நெருக்கடிதான் இப்போது சொல்லப்போவது.

அந்த வருஷம் பங்குனி மாதம் சந்தைக்கு வரத்து குறைந்துகொண்டே வந்தது. மேற்குப் பேட்டைக்குப் பெரிய மில் ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, கரிசல் காட்டுப் பருத்தி முழுவதையும் அவர்களே அள்ளப்போகிறார்கள் என்று பேச்சு. தரகர் மூக்கையா சொன்னான். சாக்கு வியாபாரி சொன்னார். காபி கிளப் அய்யரும் சொன்னார். சில்க் ஜிப்பா சந்தைக்குச் சந்தை விலையை ஏற்றிக்கொண்டே போனார். எங்கள் பேட்டையில் பருத்தி தீர்ந்து மிஷின் நின்றிருந்தது. பெண்கள் காலையில் வந்து கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இதற்கு நடுவில் மேற்குப் பேட்டை முதலாளி எங்கள் ஆலையை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். எங்கள் முதலாளி கரிசல் காட்டுச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. விவசாயியை அந்தப் பக்கம் சம்சாரி என்றுதான் சொல்வார்கள். காட்டை விற்று அந்த ஆலையைக் கட்டியவர். நின்றுபோன மிஷினைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்திருந்தார். வரும் சந்தையில் பருத்தி கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். வாங்குகிறவர் எங்கள் ஆட்களை வைத்துக்கொள்ள மாட்டார் என்பது கேட்டில் நின்ற பெண்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் தங்கை மகனுக்குக் காதுகுத்து வந்தது. சந்தைக்கு முதல் நாள். கள்ளிக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்துவார்கள், நான் போகாமல் அந்தக் காரியம் நடக்காது. முதலாளியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினார். “போறதுன்னா போ. நாளான்னைக்கு சந்தையில வெலைய பாக்காத. வர்ற வண்டி ஒண்ணு விடாம எடு. எடுக்கலன்னா நீ பேட்டைக்குத் திரும்பி வரவேண்டியதில்ல.”

போகும் வழியில் விடிகாலையில் திருப்பரங்குன்றம் மலையேறிவிட்டுத்தான் போனேன். மேற்குப் பேட்டையின் புகைபோக்கியில் புகை இல்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. இவ்வளவு பருத்தியை அள்ளுகிறவன் ஏன் மிஷினை ஓட்டவில்லை என்று மனதுக்குள் நெருடியது. ஆனால் அவர்கள் பாய்லர் பழுது, பம்பாயிலிருந்து சாமான் வரவேண்டும் என்று மூக்கையா முன்பே சொல்லியிருந்தான். இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பிள்ளை என் மடியில் கத்தித் தீர்த்தான். சாயங்காலம் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது தெற்கே வானம் கறுத்து, கோடை மழை கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது. பந்தி பாதியில் நின்றது. ஆனால் யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. காட்டில் பருத்தி வெடித்து வெள்ளையாக நிற்கிறது, அதன்மேல் மழை விழுகிறது. பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு களத்துக்கு ஓடினார்கள், எடுத்து வைத்திருந்ததை மூடுவதற்கு. ராத்திரி படுக்கும்வரை அந்த ஊரில் மழையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

காலையில் சந்தைக்குக் கிளம்பினால் வண்டி கட்ட முடியாது என்றார்கள். கரிசல் சேறு எப்படி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சக்கரப் பட்டையைப் பிடித்தால் விடாது, ஆரக்காலுக்கு இடையில் அடைத்துக்கொண்டு நடுவிலுள்ள குடம் வரைக்கும் ஏறிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் காலில் ஒரு மரக்கால் சேறு ஏறியது. அங்கே பஸ் பிடித்துத் திருமங்கலம் வந்து இறங்கினால் அந்த ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. புழுதி பறந்துகொண்டிருந்தது. தாமதமாகிவிட்டதே என்று காலைக்கூடக் கழுவாமல் சந்தைக்குள் ஓடினேன்.

சந்தையில் வண்டிகள் வரிசையாக நின்றன. இத்தனை வாரமாக இல்லாத வரத்து. சில்க் ஜிப்பா ஏற்கெனவே துண்டும் கையுமாக வண்டி வண்டியாக முடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெற்றிலைச் சிரிப்பு ஒன்று சிரித்தார். மூக்கையா என்னை இழுத்துக்கொண்டு ஒரு வண்டிக்கு ஓடினான். அவன் நல்லவன், என் வயதுக்காரன், எனக்குக் கெடுதல் நினைக்காதவன். துண்டைப் போட்டுக் கையைக் கோத்தான். விரல்களைப் பிடித்து ஒரு விலை சொன்னான். அந்த விலைக்கு வாங்கினால் பஞ்சை எந்த மில்லுக்கு விற்றாலும் நஷ்டம்தான். ஆனால் முதலாளியின் சொல் காதில் இருந்தது. சரி, முடித்துவிடுவோம் என்று முழுக்கையையும் பிடிக்கப் போனேன்.

அப்போது மூக்கையா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “என்ன மாப்ள, உழுதுக்கிட்டு இருந்தவன் அப்படியே ஏரு கலப்பைய விட்டுட்டு வந்துட்டியா? காலப் பாரு, எம்புட்டுச் சேறு.”

நானும் என் காலைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் கரிசல் காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்திலேயே அந்த வண்டியின் சக்கரம் இருந்தது. அதில் வெறும் புழுதி. பட்டை பளபளவென்று இருந்தது. ஆரக்காலுக்கு இடையில் ஒரு பொட்டுக் கரிசல் இல்லை. அடுத்த வண்டியைப் பார்த்தேன். அதிலும் இல்லை.

என் கை இன்னும் துண்டுக்குள்தான் இருந்தது. வண்டிமேல் உட்கார்ந்திருந்த ஆளிடம், எந்த ஊரு அண்ணே என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். கள்ளிக்குடிக்குத் தெற்கே என்று சொல்லி, ஓர் ஊர்ப் பெயரும் சொன்னார். என் தங்கை ஊருக்கு அடுத்த ஊர்.

“அங்கிட்டு மழையெல்லாம் எப்படிண்ணே?”

“மழையா? எங்கிட்டுப்பா மழை. வானம் காஞ்சுல்ல கெடக்கு.”

பருத்தி வெடித்து நிற்கும் காட்டில் முதல் நாள் சாயங்காலம் மழை கொட்டியிருக்கிறது. எந்தச் சம்சாரியாவது அதை மறப்பானா? கேட்காமலே அவனல்லவா முதலில் ஆரம்பிப்பான்? இந்த வண்டி அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை. இந்த ஆள் சம்சாரியே இல்லை. பருத்தி எங்கிருந்தோ டவுனுக்குள்ளிருந்து, கல் ரோட்டிலேயே வந்திருக்கிறது.

மூக்கையாவிடம் மெதுவாகக் கேட்டேன், மில் ஆர்டர் விஷயம் உனக்கு யார் சொன்னது என்று. ஜிப்பா அண்ணன்தான் என்றான். பாய்லர் பழுது? அதுவும் அவர்தான். சாக்கு வியாபாரிக்கு? காபி கிளப் அய்யருக்கு? அவரேதான் சொல்லியிருப்பார் என்றான், இதில் என்ன கேள்வி என்பது போல. மூன்று பேர் சொன்னதால் அதை மூன்று சாட்சியாக எடுத்துக்கொண்டு இத்தனை வாரம் நானும் முதலாளியும் பயந்து செத்திருக்கிறோம். மூன்று பேருக்கும் ஒரே வாய். புகை வராத புகைபோக்கி மட்டும்தான் அவரிடம் கேட்காமல் எனக்கு விஷயம் சொன்னது. அதை நான் மதிக்கவில்லை.

துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டே யோசித்தேன். மில்லில் ஆர்டர் இல்லை. பருவத்தின் ஆரம்பத்தில் சகாயமாக வாங்கிக் குவித்த சரக்கு அவர்கள் கிடங்கில் அப்படியே கிடக்கிறது. அதைத்தான் சம்சாரி வண்டியாக வேஷம் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்து, தாங்களே சில வண்டிகளைக் கூடுதல் விலைக்கு வாங்குவது போல் காட்டி, மீதியை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அவர் வாங்க வரவில்லை, விற்க வந்திருக்கிறார். நாங்கள் இந்த விலைக்கு வாங்கி முங்கிப்போனால் ஆலையும் சும்மா கிடைத்த மாதிரி அவர்கள் கைக்குப் போகும்.

இப்படி நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால் இன்று சரக்கு கிடைக்காது, நாளைக்கு ஆலை கைமாறும், கேட்டில் நின்ற அத்தனை பெண்களின் பிழைப்பும் போகும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன். கூச்சல் போட்டு ஊரைக் கூட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கையில் என்ன சாட்சி இருக்கிறது? என் காலில் உள்ள சேறுதான். யாருடைய மோசடியையும் நிரூபிப்பது என் வேலையல்ல, என் முதலாளி மோசம் போகாமல் பார்ப்பதுதான் என் வேலை என்று தெளிந்தேன். பயமாகத்தான் இருந்தது. கையை உருவினேன். துண்டை நாலு பேர் பார்க்க உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

மூக்கையா வாயைப் பிளந்தான். எங்கள் பேட்டை அந்தச் சந்தையில் இரண்டாவது பெரிய கை. நான் வாங்கவில்லை என்றதும் சின்ன வியாபாரிகள் எல்லாரும் தயங்கி நின்றுவிட்டார்கள். மூக்கையா மட்டும் பயந்துபோய், கிடைத்த பஸ்ஸில் முதலாளிக்கு ஆள் அனுப்பிவிட்டான்.

வெயில் உச்சிக்கு வரும்போது முதலாளியின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அவர் முகத்தில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது, எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. எத்தனை வண்டி எடுத்தாய் என்று கேட்டார். ஒன்றும் எடுக்கவில்லை என்றேன்.

“யாரு சொன்னா எடுக்க வேணாம்னு?”

“யாரும் சொல்லலைங்க முதலாளி. நேத்து கரிசக்காட்டுல நல்ல மழை. இந்த வண்டிக அங்கேயிருந்துதான் வந்துச்சாம். சக்கரத்தக் கொஞ்சம் பாருங்க.”

அவர் என் காலைப் பார்த்தார். அப்புறம் சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளை வேட்டியோடு அந்த வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஆரக்காலுக்கு இடையில் விரலை விட்டுச் சுரண்டினார். விரலை மோந்து பார்த்தார். எழுந்து வண்டியில் இருந்த தாட்டு மூட்டைக்குள் கையை முழங்கை வரை நுழைத்து ஒரு பிடி பருத்தியை உருவினார். கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்து நசுங்கிப்போன பருத்தி, மக்கல் வாசனை அடித்தது. வண்டிக்காரர் வேறு எங்கோ பார்த்தார். முதலாளி கையிலிருந்த பருத்தியைக் கீழே போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு தடவை ஓங்கி உதறி, திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அதன் பிறகு சந்தையில் யாரும் அந்த வண்டிகள் பக்கம் போகவில்லை. சில்க் ஜிப்பா கொஞ்ச நேரம் தனியாக வாங்கிக்கொண்டிருந்தார். தன் சரக்கைத் தானே எவ்வளவு நேரம் வாங்க முடியும்? வண்டிகள் ஒவ்வொன்றாக மாட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின.

வெயில் தாழும்போதுதான் உண்மையான சம்சாரிகள் வந்து சேர்ந்தார்கள். குடம் வரைக்கும் சேறு, மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு, பருத்திமேல் ஓலைப் பாயும் பழைய சேலையும் போட்டு மூடி. வண்டி நிற்பதற்கு முன்பே மழையைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்கள். எங்கே நனைந்தது, எங்கே தப்பியது, எம்புட்டுப் போச்சு என்று ஒவ்வொருவரும் ஒரு பாட்டம். மழைக்குப் பயந்து கைக்கு வந்ததை விற்றால் போதும் என்ற நிலைமை அவர்களுக்கு. வேறு பெரிய கையும் சந்தையில் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், பாதி விலைக்குக் கேளுங்கள் என்று முதலாளி காதில் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். விலை ஏறுவதற்கு முன் என்ன கொடுத்தோமோ அதையே கொடுக்கலாம் என்றேன். அதைத் துண்டு போடாமல், எல்லாருக்கும் கேட்கும்படி வாய்விட்டே சொல்லச் சொன்னார். அன்று வந்த சம்சாரிகள் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வேறொருவருக்கும் பருத்தி போட்டதில்லை.

சில்க் ஜிப்பாவின் கதையையும் முடித்துவிடுகிறேன். முதலாளி சக்கரத்தைச் சுரண்டியதை அவரும் பார்த்திருந்தார். அடுத்த சந்தைக்கு மிச்சச் சரக்கோடு அவருடைய வண்டிகள் வந்தபோது, சக்கரம் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. அந்த வாரம் எங்கேயும் மழை இல்லை. அது கரிசலும் இல்லை, மதுரைப் பக்கத்துக் கண்மாய் வண்டல். நான் பக்கத்தில் போய், வண்டி கண்மாய்க்குள்ள எறங்கிருச்சாண்ணே என்று மட்டும் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். காபி கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தடவை காபி நான் வாங்கிக் கொடுத்தேன்.

சந்தை நாள் சாயங்காலத்துக்கு வருகிறேன். பருத்தி வண்டிகளை முன்னே அனுப்பிவிட்டு, நானும் முதலாளியும் காரில் திரும்பினோம். வழியில் அந்த வண்டிகளைத் தாண்டி வந்தோம். என்னை வேலையில் வைத்துக்கொள்வாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. சொன்ன சொல்லை மீறியவன் நான், லாபமே வந்தாலும் மீறியது மீறியதுதான். வில்லாபுரம் வந்தபோது பேட்டைக் கேட்டில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஆலை கைமாறிவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். காரைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி மட்டும் முன்னால் வந்து, நாங்க நாளைக்கு வரவா வேணாமாய்யா என்று கேட்டாள்.

முதலாளி காரைவிட்டு இறங்கினார். உள்ளே நின்ற பாய்லர்காரரைக் கூப்பிட்டார். “விடியக்காலம் பாய்லருக்குத் தீ போடு. வண்டி பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கு.”

கூட்டத்தில் ஒருத்தி விசும்பினாள். மற்றவர்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், காலில் காய்ந்த சேறோடு. முதலாளி என்னிடம் வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். என் வலது கையைப் பிடித்து, அதன்மேல் அந்தத் துண்டைப் போட்டு மூடினார். அத்தனை பேருக்கு முன்னால், சந்தையில் தரகரோடு நிற்பது போல நின்றோம். துண்டுக்குள் அவர் ஒரு விரலைப் பிடிக்கவில்லை, இரண்டு விரலையும் பிடிக்கவில்லை. முழுக்கையையும் இறுகப் பிடித்தார்.